கருமாதி முடிந்த பிறகு வந்தவன்

மந்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனால் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். நம் தொழிலில் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. ஒரு குடும்பம், சில சமயம் ஓர் ஊரே, எதிரே நின்றுகொண்டு "சாஸ்திரத்துல என்னா சொல்லியிருக்குது சாமி?" என்று கேட்டுவிட்டு நம் வாயையே பார்க்கும். பயம் வர வேண்டியது அப்போதுதான். நாம் சொல்வதை வைத்து அவர்கள் ஓர் ஆளை வீட்டுக்குள் சேர்ப்பார்கள், இல்லையென்றால் துரத்தி அடிப்பார்கள்.

நீங்கள் பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் புரோகிதத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆத்மாவுக்கு அழிவில்லை, செய்த வினை பின்னால் வரும், உடம்பு போனாலும் பிறவி தொடரும், முன்னோருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்று நம் மதத்தின் அடிப்படைகளை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நம்பவும் செய்தேன். ஆனால் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது கலியமூர்த்தி என்ற மனிதனால். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்முறை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நான் நெய்வேலிக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பிளாக்கில் குடியேறினவர்கள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது அடுத்த பிளாக்கில் செங்கல் இறக்குவார்கள். எல்லா மாவட்டத்து ஜனங்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிணத்தை எரிப்பார்கள், இன்னொரு வீட்டில் புதைப்பார்கள். ஒருவர் வடமொழி மந்திரம் வேண்டும் என்பார், அடுத்தவர் பதிகம் பாடினால் போதும் என்பார். திருவதிகையில் புரோகிதம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இங்கே வந்து எல்லோருக்கும் செய்துவைத்தார். நான் அவருக்கு உதவியாக இருந்தேன். எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் அவர் முதலில் கேட்பது, "உங்க வழக்கம் எப்படி?" என்றுதான். அதைக் கேட்காமல் பையைத் திறக்க மாட்டார்.

கலியமூர்த்தி சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரை கிராமத்துக்காரன். தகப்பனார் கோவிந்தசாமி, நெல் விவசாயம். ஒரே பிள்ளை. கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை, குழந்தை இல்லை. பெண்டாட்டி பெயர் அஞ்சலை. சுரங்கத்தில் பர்மனெண்ட் வேலை ஒன்று கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மந்தாரக்குப்பத்தில் ஒரு அறையில் தங்கி காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊருக்கு வெளியே ஒரு தனியார் காண்ட்ராக்ட்காரர் வெள்ளம் வடிய ஆழமாக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மண் வெட்டுகிற ஆட்களில் கலியமூர்த்தியும் ஒருவன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வாய்க்காலின் ஒரு பக்கத்துக் கரை அப்படியே சரிந்து விழுந்தது. ஆட்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். பிறகு கூட்டிப் பார்த்தபோது கலியமூர்த்தியைக் காணவில்லை. அவனுடைய தூக்குவாளியும் துண்டும் மண்மேட்டின் ஓரத்தில் கிடந்தன. தோண்டத் தோண்ட மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் வேறு. இன்னும் நாலு பேர் போய்விடுவார்கள் என்று தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். மழை விட்டதும் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வாய்க்காலைச் சற்றுத் தள்ளி வெட்டினார்கள்.

கோவிந்தசாமி எங்கள் பெரியவரிடம் வந்தார். உடம்பு கிடைக்காத பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

பெரியவர் முதலில் வாய்க்கால் வேலையை மேற்பார்த்த மேஸ்திரியைக் கூட்டிவரச் சொன்னார். காணாமல் போனவன் வேறு, இறந்தவன் வேறு. காணாமல் போனவனுக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மேஸ்திரியை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சாமி. ஓடறப்ப மழையில திரும்பினேன், தலை மேல மண்ணு வுழுந்தத நானே பாத்தேன். ஒரு கை மட்டும் வெளியில நீட்டிகினு இருந்திச்சி. அப்புறம் அதுவும் இல்ல."

"கலியமூர்த்திதானா?"

"அவன் நின்ன எடம்தான் சாமி அது."

அந்த மனிதன் பொய் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையாலும் புரச இலைக் காம்பாலும் ஒரு உரு செய்து, தலைக்குத் தேங்காய் வைத்து, அதைத்தான் அவன் உடம்பு என்று எண்ணித் தகனம் செய்கிறோம். வெள்ளாற்றங்கரையில் பெரியவர் அதைச் செய்துவைத்தார். பிள்ளை இல்லாதவனுக்குத் தகப்பனே கொள்ளி வைத்தார். கோவிந்தசாமி அழவில்லை. தேங்காய் வெடித்த சத்தத்தில் மட்டும் ஒரு முறை உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை பெண்கள் கூட்டத்திலிருந்து விலகி நேரே பெரியவர் முன்னால் வந்து நின்றாள். "சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு செத்துட்டாருன்னு நீங்க சொல்றீங்களா, உங்க பொஸ்தகம் சொல்லுதா?"

"ரெண்டும் இல்லைம்மா. பார்த்தவன் சொல்றான். அவனை நம்பித்தான் நான் செய்யறேன்" என்றார் பெரியவர்.

"எனுக்கு நம்பிக்கை வரல சாமி."

"வராதும்மா. எப்படி வரும்?"

அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் தாலி வாங்கினார்கள். அவள் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கைகளைப் பிரிக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர், "போன பிறவியில யாரு குடியக் கெடுத்தாளோ, அவ கர்மா" என்றார். பெரியவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "வினைங்கிறது அவனவன் தன்னைத் திருத்திக்கிறதுக்குச் சொன்னது. அடுத்தவ தலையில வீசறதுக்கு இல்லை. எழுந்து வெளியே போ" என்றார். அந்த ஆள் எழுந்து போய்விட்டார். தம்பிகளே, துக்க வீட்டில் இந்த வார்த்தையை நீங்களும் கேட்பீர்கள். கேட்டும் சும்மா இருந்தால் நீங்களும் சொன்ன மாதிரிதான்.

கருமாதி முடிந்தது. தை மாதத்தில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அவர் பார்த்த வீடுகளையெல்லாம் நான் பார்க்க வேண்டியதாயிற்று.

மாசியில் ஒரு காலை, கோவிந்தசாமியின் பங்காளி ஒருவர் சைக்கிளில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சாமி, கலியமூர்த்தி வந்துகிறான்" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஊரு முனையில குந்திகினு இருக்கான். யாரும் கிட்ட போவல. நீங்க வந்து அனுப்பி வெச்சிடுங்க" என்றார்.

வழியில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலருகில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் என்னையே பார்த்தது. வாய் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் மட்டும்தான் வந்தது. அவருடைய மனைவி, "போதும்ப்பா, அவரைக் கஷ்டப்படுத்தாதே" என்றார். எழுந்து பஸ் பிடித்தேன்.

ஊர் முனையில் ஒரு பூவரச மரம். அதனடியில் அவன் உட்கார்ந்திருந்தான். தாடி, காலில் வெடிப்பு, கை முழுக்கச் சுண்ணாம்புப் புண். கொஞ்ச தூரத்தில் ஊர் ஜனங்கள் கூடி நின்றார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள். நாலைந்து பேர் கையில் கழி இருந்தது. யாரோ எறிந்த கல் அவன் நெற்றியில் பட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

கோவிந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது எம்புள்ள இல்ல சாமி. எம்புள்ளைக்கு நான் கொள்ளி வெச்சிட்டேன். பிண்டம் வெச்சிட்டேன். பிண்டம் சாப்ட்டவன் வூட்டுக்கு வந்தா வூடு வெளங்குமா? இன்னும் ரெண்டு உசுரு போவும்னு சொல்றாங்க. போவச் சொல்லுங்க."

அவர் பேசும்போது பிள்ளையின் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் மரத்தடிக்குப் போனேன். "கலியமூர்த்தி, என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லீங்க" என்றான். பதற்றத்தில் கேட்டுவிட்டேன்; அவன் என்னைப் பார்த்ததே இல்லை. அவனுடைய காரியத்தில்தான் நான் அவன் ஊருக்கே முதல் முதலில் வந்தேன்.

என்ன நடந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எம்பக்கத்துல ஒரு ஆளு சாமி. அன்னிக்குக் காலையிலதான் வேல தேடி கேட்டாண்ட நின்னுகினு இருந்தவங்கள்ல மேஸ்திரி கூட்டியாந்தாரு. மத்தியானம் சோறு கொண்டாரலன்னு சொன்னாரு. எந்தூக்குல இருந்து பாதி குடுத்தேன். சாப்ட்டுட்டு, 'நீ கொஞ்சம் குந்து, ஒன் எடத்துல நான் வெட்டறேன்'னாரு. நான் மேல ஏறி நின்னேன். மண்ணு வந்திரிச்சி. அவர கழுத்து வரைக்கும் மூடிடுச்சி. கையப் புடிச்சி இழுத்தேன் சாமி. வரல. அப்புறம் ரெண்டாவது தபா மண்ணு வந்திச்சி. அவரு என் கைய வுடல. நான்தான் வுடுவிச்சிகினேன்."

அதன் பிறகு ஓடியிருக்கிறான். எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடி, ரயில் ஏறி, ஆத்தூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் போய் விழுந்திருக்கிறான். யாரோடும் பேசவில்லையாம். கண்ணை மூடினால் அந்தக் கை. கடைசியில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றி வந்திருக்கிறான். சேத்தியாத்தோப்பு டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் இவனைக் கண்டதும் டம்ளரைக் கீழே போட்டிருக்கிறார். அப்போதுதான் தனக்குக் கருமாதி ஆனது அவனுக்குத் தெரிந்தது.

"எனுக்கு வெச்ச சோறு யாருக்குப் போச்சி சாமி?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியலைப்பா" என்றேன்.

திரும்பி ஜனங்களைப் பார்த்தேன். எல்லோர் கண்ணும் என் வாயில். நான் "இது தோஷம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனை எல்லையைத் தாண்டி அடித்துத் துரத்திவிடுவார்கள். "ஒன்றுமில்லை, அழைத்துப் போங்கள்" என்று சொன்னாலும் போதாது. அழைத்துப் போவார்கள். மறுநாள் ஒரு மாடு செத்தாலும் இவன் தலையில் விழும். பாடசாலையில் எங்கள் ஆசிரியர் ஒருவர் இப்படித் திரும்பி வந்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்படியெல்லாம் நடக்குமா என்று. சிரித்ததால்தான் அது நினைவில் நின்றது.

உரக்கச் சொன்னேன். "உங்களுக்கு முன்னாலேயே இது நடந்திருக்கு. செத்தான்னு நெனச்சுத் தகனம் பண்ணினவன் உயிரோட வந்தா என்ன பண்றதுன்னு சாஸ்திரத்துல வழி இருக்கு. துரத்தச் சொல்லலை. பழைய பிறவி முடிஞ்சுபோச்சுன்னு வெச்சு, அவனைத் திரும்பப் பிறக்க வைக்கணும். பிறந்த குழந்தைக்குச் செய்யறதெல்லாம் செஞ்சு, பேர் வெச்சு, அதே பொண்ணுக்குத் திரும்பத் தாலி கட்ட வைக்கணும். அதுக்கப்புறம் அவனால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை."

கழி வைத்திருந்தவர்களில் ஒருவர் முன்னால் வந்தார். "அவன் அழுவறதப் பாத்துட்டு நீங்களா சொல்றீங்க சாமி."

"சிதம்பரம் பக்கத்துலதானே இருக்கு? படிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. யாரை வேணும்னாலும் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. நான் சொன்னது தப்புன்னு ஒருத்தர் சொன்னாலும் இந்தப் பையோட இந்தப் பக்கம் வரமாட்டேன். ஆனா கேட்டுட்டு வர்ற வரைக்கும் அவன் மேல கை வைக்கக் கூடாது."

இரண்டு பேர் உண்மையிலேயே போனார்கள். நான் அவனோடு மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலை வந்தாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அவன் கையில் கொடுக்காமல், தன் முந்தானையை நனைத்து அவன் நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள். பின்னால் யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

பிறகு என்னிடம் சொன்னாள். "அவரு பொறந்து வரட்டும் சாமி. ஆனா திரும்பத் தாலி கட்டறதுக்கு முந்தி என்னைக் கேக்கணும். அறுக்கும்போது யாரும் கேக்கல."

"கேட்கிறேன்மா" என்றேன்.

போனவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். நான் சொன்னது சரிதான் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்களாம். கழிகள் கீழே போயின. கோவிந்தசாமி அப்போதும் பிள்ளையைப் பார்க்கவில்லை.

கருப்பையாகப் பாவித்து அவனை உட்காரவைக்க வேறு பாத்திரம் கிடைக்கவில்லை. நெல் அவிக்கிற பெரிய அண்டாவைக் கொண்டுவந்தார்கள். கலியமூர்த்தி அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தான். நெய்யும் நீரும் ஊற்றி நான் மந்திரம் சொன்னேன். அவன் உடம்பு முழுக்க நடுங்கியது. வெளியே தூக்கியபோது நிற்க முடியாமல் விழுந்தான். சத்தம் போட்டு அழுதான். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "அழுதுட்டான், அழுதுட்டான்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார், பிள்ளை பிறந்த வீட்டில் சொல்வது போல. யாரும் சிரிக்கவில்லை.

அஞ்சலையை ஊர் முன்னால் கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றாள். எல்லோரும் முணுமுணுத்தார்கள். அவள் யோசித்தாள். சித்திரையில்தான் சரி என்று சொல்லியனுப்பினாள். தாலி கட்டும்போது மேளம் இல்லை.

அதற்குப் பிறகு அவன் மண்வெட்டும் வேலைக்குப் போகவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டான். தகப்பனார் கடைசிவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. சாஸ்திரம் வாசலைத் திறந்துவிடும், தம்பிகளே. உள்ளே இருக்கிறவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பது அதன் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பல வீடுகளில் நீங்கள் ஏமாந்து நிற்க மாட்டீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது முடியவில்லை. அண்டாவிலிருந்து எழுந்த மறுநாளே கலியமூர்த்தி என்னைக் கேட்டான், "அந்த ஆளுக்கு யாரு சாமி செய்யறது?"

மேஸ்திரியைத் தேடிப் போய் விசாரித்தேன். கலியமூர்த்தி உயிரோடு இருக்கிறான் என்று சொன்னேன். "அப்ப நான் பாத்தது யாரு கை?" என்றான். அன்று காலை கேட்டிலிருந்து கூட்டிவந்த ஆள்; மண் சரிந்ததும் பயந்து ஓடிவிட்டான் என்று மேஸ்திரி நினைத்திருக்கிறான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் டீக்கடை, வாடகை அறை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். அந்த நாளில் தினமும் ஆட்கள் வருவார்கள், வேலை கிடைக்காவிட்டால் போய்விடுவார்கள். ஒருவன் திரும்பி வரவில்லை என்றால் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

நம் சடங்குக்குப் பெயர் வேண்டும், குலம் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும். ஒன்றுமே இல்லாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? கோவிந்தசாமி வேண்டாம் என்றார். "யாரு எவரோ. என்னா சாதியோ. நம்ம ஆத்துல எதுக்கு?"

தர்ப்பணத்தின் கடைசியில் ஒரு கை தண்ணீர் விடுகிறோம். தாய், தகப்பன், உறவு, நட்பு என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்கு. எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் அடுப்படியில் இலை போடும் சத்தம் கேட்கும், நாமும் அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். அந்த வரியைத்தான் அவரிடம் சொன்னேன். "அந்த வரியில சாதி கேட்கலைங்க" என்றேன். அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த அமாவாசைக்கு நானும் கலியமூர்த்தியும் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடியது. அவன் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டான். "உன் சோத்துல பாதி சாப்பிட்டவர்னு சொல்லு" என்றேன். அப்படியே சொல்லித் தண்ணீர் விட்டான். எந்தக் கையை விடுவித்துக்கொண்டானோ அந்தக் கையால்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அஞ்சலையும் வந்திருந்தாள். அப்போது அவள் கழுத்தில் இன்னும் தாலி ஏறவில்லை. தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"சாமி, செத்தது அந்த ஆளுதான?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப நான் இத்தினி நாளா அழுததெல்லாம் அவருக்கே போயி சேந்திருக்கட்டும்."

குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அவளும் விட்டாள். பெண்கள் விடலாமா என்று நான் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நிமிர்ந்து, நெய்வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எந்த ஊர்லயோ ஒருத்தி, ஆளு இன்னிக்கு வந்துரும்னு தலையில பூ வெச்சிகினு வாசலப் பாத்துகினு இருப்பா சாமி. அவளுக்கு யாரு போயி சொல்றது?"